பால்காபி நிறத்தில் ஆயில்

அத்தியாயம் 6

"அக்கா, டிகாஷன் கொஞ்சம் கம்மிங்க" என்றான் ரஞ்சித்குமார்.

அவன் குறை சொன்னது காபியை அல்ல. மெக்கானிக் முனிராஜ் தூக்கிப் பிடித்திருந்த டிப்ஸ்டிக்கை. இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு என்று விட்டுப் பார்க்கும் அந்தக் கம்பியின் நுனியில், கறுப்பாகச் சொட்ட வேண்டிய ஆயில் பால்காபி நிறத்தில் நுரைத்து நின்றது.

சோபனாவும் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி, மாப்பிள்ளை குடிப்பாரா, பங்காளி எப்போது வரப்புக் கல்லை நகர்த்தினான் என்று ஊரார் சங்கதியைத் தோண்டிப் பிழைக்கிறவள் அவள். எதிரில் இருப்பவர் எச்சில் விழுங்கினாலே ஏன் என்று கேட்கிற மூக்கு அவளுக்கு. ரஞ்சித் அவளுடைய உதவியாளன்; கண் கூர்மை, வாய் அதைவிட நீளம். சோபனாவின் மூக்குதான் கார்த்திகை மாதத்திலிருந்து வேலை செய்யவில்லை. அவள் கணவன் மாதவராஜ் மின்வாரிய ஆபீசில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவன் அப்படியே சாய்ந்து போனான். அன்றிலிருந்து அவள் கண் பார்த்தது, காது கேட்டது, எதுவும் உள்ளே போகவில்லை. கருமாதியில்கூட அழவில்லை. "கல்லு மனசுக்காரி" என்று சொந்தத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது அவர்கள் நிற்பது அதியமான்கோட்டையில், சேலம் போகிற பெரிய சாலையை ஒட்டிய முனிராஜின் ஒர்க்‌ஷாப்பில். எதிரே மாதவராஜின் வெள்ளை பத்மினி கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. தை அமாவாசைக்கு மறுநாள் சோபனா அதை இண்டூர் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஓட்டாமல் வைத்தால் வண்டி வீணாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வருகிற வழியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அதையும் பார்த்ததோடு சரி. ஒர்க்‌ஷாப்பை நெருங்கும்போது கடகடவென்று சத்தம் போட்டு வண்டி உயிரை விட்டது. அது நடந்து பத்து நாள் ஆகிறது.

"தண்ணி கலந்துடுச்சும்மா" என்றார் முனிராஜ். மாதவராஜோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவர். "கூலிங்குக்கு ஓடற தண்ணி ஆயில்ல எறங்குதுன்னா பிளாக்குல வெடிப்பு வுட்டிருக்குதுன்னு அர்த்தம். உடம்பே வெடிச்ச இன்ஜினக் கட்டிப் பிரயோஜனம் இல்ல. வேற நல்ல இன்ஜின் ஒன்னு வச்சிருக்கறன், மாத்திப் போட்டுரலாம். பழைய இரும்பு வண்டி மதியம் வருது, இத ஏத்தி வுட்டுரலாம். நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

மேலே சங்கிலிக் கப்பியும் கொக்கியும் தயாராகத் தொங்கின. சோபனா இன்ஜினைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே இடத்தில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு போல்ட்டாக மாதவராஜ் தன் கையால் கட்டிய இன்ஜின் அது. "இது எனக்குச் சக்களத்தி" என்று அவள் சொல்லிக் காட்டாத வாரம் கிடையாது. இருந்த மனுஷனே போய்விட்டான், இரும்பு போனால் என்ன. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்ததோ வேறு வார்த்தை. பழக்க தோஷம் சும்மா விடுமா.

"ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்குதாண்ணா?"

முனிராஜ் சாலைப் பக்கம் திரும்பினார். "குறைஞ்சுதான் இருக்குது."

"திறந்து பாத்தீங்களா?"

"பாக்காமயா சொல்றன்" என்று லாரி ஒன்றைப் பார்த்துச் சொன்னவர், ரேடியேட்டர் மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டை இழுத்துச் சரிசெய்தார்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றாள் சோபனா.

எதிர்ப்புற டீக்கடையில் ரஞ்சித் பெஞ்சைத் தட்டிவிட்டு உட்கார்ந்தான். "என்னங்கக்கா, மூக்கு அரிக்குதுங்களா?"

"தண்ணி போற வண்டின்னா எந்த மெக்கானிக்கும் முதல்ல ரேடியேட்டர் மூடியத்தான் திறப்பாங்க. அண்ணன் திறக்கல. திறந்தேன்னு பொய் சொல்றார்."

"அது எப்படிங்க தெரியும்?"

"எப்பவும் மூஞ்சியப் பாத்துப் பேசற மனுஷன். இன்னிக்கு லாரிக்குப் பதில் சொல்றார்."

"நீங்க மூஞ்சியப் பாத்தீங்க, நான் துண்டப் பாத்தனுங்க" என்றான் ரஞ்சித். "அந்த ஒர்க்‌ஷாப்புல நாய்கூட கிரீஸ் கலர்லதான் திரியுது. ரேடியேட்டர் மேல மட்டும் வெளுத்த துண்டு. அங்க யாருக்குங்க மாப்பிள்ளை அழைப்பு?"

சோபனா டீயை ஒரு மிடறு குடித்தாள். சர்க்கரை போட்டிருந்தார்களா இல்லையா என்று தெரியவில்லை.

"அப்புறம் இன்னொன்னுங்க" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "பத்மினி இன்ஜின் என்ன, சந்தையில கூறு கட்டி விக்கிற கத்திரிக்காயுங்களா? நீங்க வண்டிய வுட்ட சூட்டுல ரெடியா ஒன்னு எங்கிருந்து வந்துச்சு? ஓசூர்ப் பக்கம் பழைய கார் பைத்தியங்க நெறைய இருக்குது. நல்ல பிளாக்குன்னா நாக்கத் தொங்கப் போட்டுட்டு வாங்குவாங்க. 'இது செத்துடுச்சும்மா'ன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு, பொணத்த அங்க தள்ளிவுட்டா?"

"செத்த மாதிரி காட்ட ஆயிலுக்குள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தினாப் போதும்" என்றாள் அவள். யாரோ பிறத்தியார் வழக்கைப் பேசுவதுபோல இருந்தது. "அதுக்கு வண்டி எங்க வூட்டுல நிக்கும்போது யாராவது பானட்டைத் திறந்திருக்கணும்."

இண்டூரில் அவள் எதிர்வீட்டுக்காரி கலைமணி. அந்தத் தெருவில் எந்த வீட்டுக் கோழி எந்த வீட்டில் முட்டையிட்டது என்பதுவரை அத்துப்படி. போனை ஸ்பீக்கரில் போட்டாள் சோபனா.

"பொங்கலுக்கு நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிருந்த பாரு, அன்னிக்கு அந்த மெக்கானிக் முனிராஜ் வந்தாரு" என்றாள் கலைமணி. "பானட்டத் தூக்கி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் டப்புன்னு மூடிட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாரு. சொல்லலாம்னுதான் இருந்தன். நீ இருக்கற இருப்புல உங்கிட்ட எதச் சொல்றதுன்னு வுட்டுட்டன்."

"வேற யாராவது தொட்டாங்களா?"

"வேற யாரு. அமாவாசையன்னிக்கு நீதான் தொறந்து வச்சுக்கிட்டு நின்ன."

போனை வைத்ததும் ரஞ்சித் புருவத்தைத் தூக்கினான். "அமாவாசைக்கு என்னங்கக்கா பண்ணீங்க?"

"தீர்த்தம் ஊத்தினேன்."

வருஷா வருஷம் தை அமாவாசைக்கு மாதவராஜ் தீர்த்தமலை ஏறி, பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தை ஒரு கேனில் பிடித்து வருவான். வீட்டுக்குத் தெளிக்கப் பாதி, வண்டிக்குப் பாதி. ரேடியேட்டரின் பழைய தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு முதலில் தீர்த்தம், அப்புறம்தான் குழாய்த் தண்ணீர். சோபனா பக்கத்தில் கேனைப் பிடித்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்ப்பாள். "இந்த வருஷம் நானே பஸ்ல போய்ப் பிடிச்சிட்டு வந்தேன்" என்றாள். "பழைய தண்ணியத் திறந்து வுடறதெல்லாம் எனக்குத் தெரியாது. மூடியத் திறந்து ஊத்தினேன். ஒரு சொட்டு வழியல, அத்தனையும் குடிச்சிடுச்சு."

"பக்தி முத்துன காருங்க. மொட்டை அடிச்சுக் காது குத்தறதுதான் பாக்கி" என்றான் ரஞ்சித்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் அவன் சொன்ன நகைச்சுவையெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் போடுவதை அவன் நிறுத்தவில்லை.

சாலையைக் கடந்து திரும்பியபோது பழைய இரும்பு வண்டி வாசலில் வந்து நின்றிருந்தது. முனிராஜ் சங்கிலியை இறக்கிக்கொண்டிருந்தார். கொக்கி இன்ஜினுக்கு ஒரு முழம் மேலே ஆடியது.

"நிறுத்துங்கண்ணா" என்றாள் சோபனா. "பொங்கலுக்கு எங்க வூட்டுக்கு வந்தீங்களா?"

சங்கிலி நின்றது. "வந்தன்."

"பானட்டைத் திறந்தீங்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

முனிராஜ் ஆடிக்கொண்டிருந்த கொக்கியைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"மாத்திப் போட வச்சிருக்கற இன்ஜின் எங்க கிடைச்சுது?"

"அது ஒருத்தர்கிட்டருந்து வந்துச்சும்மா."

"யாரு அந்த ஒருத்தர்?"

முனிராஜ் கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். கூட்டாளியின் பெண்டாட்டி தன்னைத் திருடன் என்று நினைக்கிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் வாய் திறக்கவில்லை.

"அக்கா" என்று கொல்லைப்புறத்திலிருந்து ரஞ்சித்தின் குரல் வந்தது. "இங்க ஒருத்தரு மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கறாருங்க. இவரக் கேட்டுப் பாக்கலாங்களா?"

வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திய கார் ஒன்று நின்றது. அதன் பின்பக்கம் தரையோடு இருந்தது. முன்பக்கம் மட்டும் ஒரு சாண் எழும்பி நின்றது.

"பின்னாடி படுத்திருக்குது, முன்னாடி எந்திரிச்சு நிக்குது" என்றான் ரஞ்சித். "முன்னாடி இருக்க வேண்டிய பாரம் எங்கீங்க போச்சு?"

தார்ப்பாயை அவன் இழுத்தான். உள்ளே நீல நிறப் பத்மினி. முனிராஜின் சொந்த வண்டி. மாதவராஜும் அவரும் ஒரே சமயத்தில் ஜோடி மாடு பிடிப்பதுபோலத் தேடிப் பிடித்த இரண்டு வண்டிகளில் ஒன்று. பானட்டுக்குள் இன்ஜின் இருந்த இடம் காலியாக இருந்தது. அறுத்துவிட்ட ஒயர்களின் நுனியில் ஒவ்வொன்றுக்கும் டேப் சுற்றியிருந்தார்.

"அவன் வண்டி நிக்கக்கூடாதும்மா" என்றார் முனிராஜ். இப்போது அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். "என்னுது நின்னா நிக்கட்டும். சொன்னா நீ வேண்டாம்னுருவ. அதான் சொல்லல."

சோபனாவுக்கு வெட்கமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, வெட்கம் வரவில்லை. தன் மேல்தான் கோபம் போல ஏதோ ஒன்று லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்ப பொங்கலன்னிக்கு என்னண்ணா நடந்துச்சு?"

"பேட்டரி படுத்துரும், ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டுப் போலாம்னு வந்தன். தண்ணி பாக்கலாம்னு மூடி மேல கைய வச்சன். அப்புறம் முடியல." அவர் வெள்ளை காரிடம் நடந்து போய், ரேடியேட்டர் மேல் கிடந்த துண்டை, தூங்குகிற பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல மெதுவாக எடுத்தார்.

ரேடியேட்டர் மூடியின் மேல் தொடங்கி, மூடியும் கழுத்தும் சேருகிற இடத்தைத் தாண்டி, கீழே வரை இறங்கியிருந்தது காய்ந்த சந்தனம். மூன்று விரலால் இழுத்த மூன்று கோடு. நடுவில் கறுத்துப் போன குங்குமம். மூன்றாவது கோடு மட்டும் குட்டை. மாதவராஜின் மோதிர விரல் நுனியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபேன் பெல்ட் தின்றுவிட்டது. அதன் பிறகு அவன் இழுத்த பட்டையெல்லாம் அப்படித்தான் இருக்கும். இது ஐப்பசி பிறப்பதற்கு முன்னால், ஆயுத பூஜையன்று அவன் வைத்தது. அவனுக்கு அதுதான் கடைசி ஆயுத பூஜை.

"மூடியத் திருகுனா இது உடைஞ்சிரும்ல" என்றார் முனிராஜ். "அன்னிக்கும் மனசு வரல, வண்டி இங்க வந்தப்பவும் வரல. தூசி படாம இருக்கட்டும்னு துண்டப் போட்டன். டிப்ஸ்டிக்க மட்டும் பாத்தன், வெடிப்புன்னு முடிவு பண்ணிட்டன். வேற எப்படித் தண்ணி உள்ள போவும் சொல்லு."

"நாடி பாக்காமயே வைத்தியரு சாவுச் சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டாருங்க" என்றான் ரஞ்சித். குனிந்து மூடியை உற்றுப் பார்த்தான். "கோடு ஒரு இடத்துலயும் விரியலீங்க. அப்ப ஆயுத பூஜையிலிருந்து இந்த மூடிய ஒருத்தரும் தெறக்கல. ஒருத்தருமே…"

அவன் வாய் அந்த இடத்தில் நின்றது. ரஞ்சித்தின் வாய் நடுவழியில் நின்று சோபனா பார்த்ததே இல்லை. அவன் நிமிராமலே நின்றான்.

"சொல்லு" என்றாள் அவள்.

"ஒன்னும் இல்லீங்கக்கா."

"ஒருத்தரும் திறக்கல. நானும் திறக்கல" என்றாள் சோபனா. "அப்படின்னா அமாவாசையன்னிக்கு நான் ஊத்தின தீர்த்தம் எங்க போச்சு?"

அவளே விரலை நீட்டினாள். இன்ஜினின் தலைமேல், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கறுப்பு மூடி இருந்தது. ஆயில் ஊற்றுகிற மூடி. பிசுக்கில் சந்தனம் ஒட்டாது என்பதால் மாதவராஜ் அதில் பொட்டு வைப்பதில்லை. லேசாகத் திருகினாலே திறந்துகொள்ளும். அமாவாசையன்று அவள் கைக்குச் சுலபமாகத் திறந்தது அதுதான். கண் திறந்துதான் இருந்தது, இத்தனை பெரிய சந்தனப் பட்டை பக்கத்திலேயே இருந்தது, அவள் எதையும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் கேனைப் பிடித்தவளுக்கு மூடி எது என்று தெரியாது. திறப்பதற்குத்தான் அவன் இருந்தானே.

ஒரு கேன் தீர்த்தத்தை இன்ஜினின் வயிற்றில் ஊற்றி, மறுநாள் அதை ஓட்டியும் வந்து, அவன் கட்டியதை அவளே கொன்றிருக்கிறாள். அப்புறம் அதற்குத் திருடன் தேடி, கிடைத்த ஒரே நல்ல மனுஷனின் சட்டையைப் பிடித்திருக்கிறாள்.

இரும்பு வண்டிக்காரர் வெளியிலிருந்து ஹாரன் அடித்தார்.

"நான் ஊத்தினதுதான் ஆயில்ல கலந்திருக்குதுன்னா பிளாக்குல வெடிப்பே இல்லாம இருக்கலாம்" என்றாள் சோபனா. "அப்படியாண்ணா?"

"இருக்கலாம். வெடிப்பு இருந்தா ரேடியேட்டர் தண்ணி கீழ போயிருக்கும். இல்லன்னா ஆயுத பூஜைக்கு அவன் ரொப்புனது அப்படியே இருக்கும்." முனிராஜ் அவசரமாகக் கையை நீட்டி மறித்தார். "நீ இதத் தெறக்க வேணாம்மா. வண்டிக்காரன நாளைக்கு வரச் சொல்றன். இன்ஜினப் பிரிச்சே பாத்துக்கலாம். வேற வழி இருக்குது."

"பிரிக்கும்போது ரேடியேட்டரக் கழட்டித்தானே ஆகணும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப நானே திறக்கறேன்."

உள்ளங்கையை மூடியின் மேல் வைத்தாள். மூன்று கோடும் கைக்குள் அடங்கின. ஒரு நிமிஷம் அவளால் திருக முடியவில்லை. அப்புறம் அழுத்தித் திருப்பினாள். சந்தனம் பொரிந்து உதிர்கிற மெல்லிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவள் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. வலித்தது. வலிக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூடியை எடுத்தாள். கழுத்து விளிம்புவரை தண்ணீர் தளும்பி நின்றது. இதில் ஒரு டம்ளர் ஊற்றினால்கூட வெளியேதான் வழிந்திருக்கும்.

முனிராஜ் அருகில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கரிப்பட்ட கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பானது. "பிளாக் நல்லா இருக்குதும்மா" என்றார். "தண்ணி கலந்த ஆயில்ல ஓடி பேரிங்குதான் போயிருக்கும். மாத்திக் கட்டிடலாம். அவன் கட்டுன மாதிரியே கட்டிடலாம்."

"இரும்பு வண்டிய அனுப்பிடுங்க. உங்க இன்ஜின உங்க வண்டியிலயே போடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி அதச் செய்யுங்க." அவள் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. "இதக் கட்டும்போது நானும் வரேன். எது எந்த மூடின்னாவது தெரிஞ்சுக்கணும். உங்கள சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சிடுங்கண்ணா."

"அத வுடும்மா" என்றார் அவர்.

"நம்ம ஆபீஸ் போர்டுல ஒரு வரி சேத்துக்கலாங்கக்கா" என்றான் ரஞ்சித், தயங்கித் தயங்கி. "சொந்தக் குற்றங்களும் இங்கே கண்டுபிடிக்கப்படும்."

சோபனாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ரஞ்சித் அதையே சிரிப்பென்று வரவு வைத்துக்கொண்டு பைக்கை எடுக்கப் போனான்.

தர்மபுரிக்குத் திரும்பும் வழியில் மாசி வெயில் முகத்தில் அடித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சோபனா வலது கையை மூடியே வைத்திருந்தாள். ஒர்க்‌ஷாப்பில் கை கழுவ முனிராஜ் தண்ணீர் கொடுத்தும் அவள் கழுவவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் சந்தனப் பொடி மஞ்சளாக ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

சந்தனம் மணக்கவில்லை. காய்ந்து இத்தனை மாதமானதில் மணமெல்லாம் போய்விட்டது. கையில் இருந்தது ஆயில் வாசனையும் கிரீஸ் வாசனையும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் போகாமல், தலையணை உறைவரை வந்து, அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு திட்டிய அதே வாசனை.

அவள் தேம்பியது காற்றில் கேட்டிருக்காது. ஆனால் பைக்கின் பக்கக் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. ரஞ்சித்குமார் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரமாகவே ஓட்டினான்.